சட்டப்படி மச்சான்

ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் தொழிலில் செத்தவரால் ஒரு தொந்தரவும் கிடையாது. தொந்தரவெல்லாம் அவருக்குப் பெண் கொடுத்தவர்களாலும் அவரிடம் பெண் எடுத்தவர்களாலும்தான்.

இதைப் படிக்கிற நீங்களும் எந்த வீட்டுக்கோ மருமகனாக, மருமகளாக, மச்சானாக மாட்டிக்கொண்டவர்தான் என்பதால் விளக்கம் தேவைப்படாது. கேத வீட்டில் ரத்த சொந்தம் உட்கார்ந்து அழும். பந்தல்காரருக்குப் போன் போடுவது, பிளக் பாயிண்ட் எங்கே என்று எனக்குக் காட்டுவது, கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஓடுவது எல்லாம் கொண்டான் கொடுத்தான் ஆட்கள். சண்டை வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் எழுந்திருப்பதும் அவர்களே. பெட்டியை இறக்கிவிட்டு விடிகிறவரை அதன் பக்கத்தில் காவல் இருப்பது என் வேலை. ஆக, என் பிழைப்பே சம்பந்திகளோடுதான்.

வண்டி ஓட்டியவர் முத்தையா மச்சான். என் அக்கா ராணியின் புருஷன். அக்கா காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. வருஷம் திரும்புவதற்குள் அவர் வளர்மதி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்த வீட்டு வாசலை நான் மிதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். குளத்தூர் முக்கத்தில் நின்று அங்கேயே வண்டி ஏறிக்கொள்வேன். எனக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? கல்யாணம் என்ற ஒன்றால் எனக்குக் கிடைத்த ஒரே உறவு இந்த மச்சான். அந்த உறவைக் கொண்டுவந்தவள் போன பிறகு அது உறவுதானா, வெறும் வண்டிப் பழக்கமா? பகலில் படுத்தால் தூக்கம் வராததற்கு இது ஒரு காரணம். கண்ணை மூடினால் உருளுவேன், எழுந்து நடப்பேன், அகராதியை எடுப்பேன். அது எப்படி வந்தது என்று கீழே வரும்.

ஏசி

திருமயம் பக்கம் ஒரு பெரிய வீடு. முற்றத்தில் நாலு லாரியை நிறுத்தலாம், வீட்டில் இருந்ததோ இரண்டு பேர். மாமியார் ஒருத்தி, மருமகள் ஒருத்தி. மாமியார் இறந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகளுக்கே அறுபதுக்கு மேல் இருக்கும். அந்தம்மா அழவில்லை. பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாமியார் எப்படிப்பட்டவர் என்பதை வேலைக்காரப் பெண் என்னிடம் காதோடு சொன்னாள். மருமகள் அறையில் மின்விசிறி ஓடினால்கூட வெளியிலிருந்து சுவிட்சை அணைத்துவிடுவாராம்.

பெட்டி ஓட ஆரம்பித்ததும் கண்ணாடியில் பனி பூத்தது. அந்தம்மா எழுந்து வந்து முந்தானையால் துடைத்தார். மறுபடி பூத்தது, மறுபடி துடைத்தார். குளிரைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். குறைத்தால் உடம்பு தாங்காது, பிள்ளைகள் வரவேண்டுமே என்றேன். அதற்கு அவர் சொன்னது: "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவங்க சொன்னதத்தான் நான் கேட்டேன். இன்னக்கி ஒன்னே ஒன்னு நான் சொல்றேன், கேளுங்க தம்பி. கொறைச்சு வைங்க. இவங்களுக்கு ஏசி ஆகாது."

ஆவூர் உத்தரவு

அகராதி ஆவூரில் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் இறந்த வீடு. மாதா கோவிலுக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே மகன்கள் புத்தக அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். தலையணை தடிமனுக்கு ஒரு ஆங்கில அகராதி பழைய பேப்பர் குவியலில் கிடந்தது. கேட்டேன், கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் கோட்டைவிட்ட ஆள் நான். ஆனாலும் விடிகிறவரை விழித்திருக்க ஏதாவது வேண்டுமே. ஒவ்வொரு சொல்லும் எந்தப் பாஷையிலிருந்து, என்ன அர்த்தத்தில் வந்தது என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் முதலில் புரட்டியது 'ப்ரதர்-இன்-லா'. காரணம் உங்களுக்குத் தெரியும்.

அந்த 'லா' நான் நினைத்தது போலக் கோர்ட்டுச் சட்டம் இல்லை. கோவில் சட்டம், அதாவது திருச்சபைச் சட்டம். ஒருத்தியைக் கட்டினால் அவள் அக்கா தங்கை, அண்ணன் தம்பி எல்லாம் சட்டப்படி உனக்குக் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாண நினைப்பே கூடாது என்று சாமியார்கள் கட்டிய வேலி. நம் பக்கம் தலைகீழ். மச்சான் என்றாலே கொள்ளவும் கொடுக்கவும் முறை உள்ளவன். செத்துப்போன வாத்தியாரின் மச்சான் சவரிமுத்து என்பவர் என்னோடு பெட்டி பக்கத்தில் இருந்தார். அவரிடம் இதைச் சொன்னபோது துக்கத்தை மறந்து சிரித்துவிட்டார். அத்தை மகளைக் கட்டுவதற்கு ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், உத்தரவு வாங்கியவராம் அவர். "வெள்ளைக்காரன் யாரைக் கட்டக் கூடாதுன்னு யோசிச்சுப் பேரு வச்சிருக்கான். நம்மாளு யாரைக் கட்டலாம்னு யோசிச்சுப் பேரு வச்சிருக்கான். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் சாமியார் பங்களாவுக்கு நடையா நடந்தேன். ஒங்க மதினி இன்னக்கிவரைக்கும் சொல்லுவா, அந்த உத்தரவு வராமலே போயிருக்கலாம்னு."

அங்கிள்

இப்போது குழந்தைகள் வண்டி ஓட்டுகிறவரையும் அங்கிள் என்கின்றன, பால் ஊற்றுகிறவரையும் அங்கிள் என்கின்றன. அந்தச் சொல் லத்தீனிலிருந்து கிளம்பியபோது அம்மாவின் அண்ணன் தம்பியை மட்டும்தான் குறித்தது. அப்பாவின் உடன்பிறப்புக்கு அங்கே வேறு சொல். 'ஆன்ட்டி'யும் அப்படியே, முதலில் அப்பாவின் அக்கா தங்கை மட்டும். அதாவது தாய்மாமனும் அத்தையும். வழியில் எங்கேயோ மாமனும் சித்தப்பனும் ஒரே கூடையில் விழுந்துவிட்டார்கள். இதை வண்டியில் போகும்போது முத்தையா மச்சானிடம் சொன்னேன். "ராணிக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தா நீ அதுக்கு ஒரிஜினல் அங்கிள்" என்றார். கீரனூர் வந்ததும் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்.

அன்றைக்குப் பெட்டி இறக்கிய வீட்டில் இறந்திருந்தவள் சின்ன வயசுப் பெண். எப்படி இறந்தாள் என்று ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். போலீஸ் வந்து போயிருந்தது. அவள் தம்பி வளைகுடாவில். லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் வந்தான். புருஷன் வீட்டார் யாரும் போனைப் பிடிக்க முன்வராததால் நான் அதைப் பெட்டிக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணின் மகள் என் கால் பக்கம் நின்று, "அங்கிள், மாமாவா? மாமாவா பேசுறாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி அழுவான் என்று நினைத்தேன். அவன் அழவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அண்ணே, மொகம் போதும். கால் பக்கம் காட்டுங்க. நான் அனுப்புன கொலுசு கெடக்கா, இல்ல அதையும் கழட்டிட்டாய்ங்களா?"

கட்டுமாவடியில் காத்திருந்தது

ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வந்து சேராமல் உடலைத் தூக்க மாட்டார்கள். தங்கப் பாடை கட்டியிருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். கோடி கொண்டு வருகிறவர்கள் தெரு முனையில் நிற்பார்கள். புருஷன் வீட்டார் அங்கே போய் எதிர்கொண்டு அழைத்து வரவேண்டும். யார் முதலில் போவது, ஏன் தாமதமாகப் போனார்கள் என்பதிலேயே பாதிச் சண்டை. நீங்கள் எத்தனை பார்த்திருப்பீர்கள்.

கட்டுமாவடியில் இறந்தவளின் அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போயிருந்தார்கள். கரைக்கு வந்ததும் சேதி கேட்டு அப்படியே ஓடி வந்துவிட்டார்கள். ஈர லுங்கி, கையில் மீன் செதில், துணி இல்லை. எங்கள் வண்டியில் சாவுச் சாமான் விற்பனைக்கு இருக்கும், புதுத் துணியும் உண்டு. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். புருஷன் வீட்டுப் பெரியவர் ஒருவர் குறுக்கே விழுந்தார். பெட்டிக்காரன் வண்டியில் இருந்த துணி எப்படிப் பிறந்த வீட்டுக் கோடி ஆகும்? மீமிசல் போய் ஜவுளிக்கடைக்காரரை விடுமுறை நாளில் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டுவந்து கடையைத் திறக்கவைத்தார்கள். அதுவரை எல்லாரும் வெயிலில் நின்றோம். தூக்க நேரமாகிறது என்று இன்னொருவர் முணுமுணுத்தபோது பெரிய அண்ணன் திரும்பினார். "பொழுதன்னைக்கும் இந்த வீட்டுல அவ ஒங்களுக்காகத்தான் காத்துக் கெடந்தா. இன்னக்கி ஒரு நா அவளுக்காக நீங்க காத்துக் கெடங்க."

கடை இட்லி

வேலைக்குப் போகும் நாட்களில் மச்சான் ஒரு தூக்குவாளி கொண்டுவருவார். இரண்டு ஆள் சாப்பாடு. கடையில் வாங்கியது என்பார். குளத்தூரில் எந்தக் கடையிலும் இட்லியைத் துணியில் சுற்றி, சட்னியை மூடி போட்ட கிண்ணத்தில் வைத்து, ஓரமாக ஒரு வெங்காயத்தை உரித்துவைத்துக் கொடுக்க மாட்டார்கள். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வருஷக்கணக்காக இப்படியே போயிற்று. வளர்மதியின் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. அவள் கைப்பக்குவம் தெரியும். உப்புக் குறைவாகப் போடுவாள்.

ஒருநாள் எனக்கு என்ன வந்ததோ, விராலிமலை பக்கம் ஒரு கேத வீட்டிலிருந்து திரும்பும்போது தூக்குவாளியைத் தள்ளிவைத்தேன். பசி இல்லை என்றேன். வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்தார். மூடியைத் திறந்து என் மடியில் வைத்தார். "கடைக்காரன் கருவேப்பிலைய இப்பிடித் தாளிச்சுக் கொட்ட மாட்டான்னு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். இத்தனை நாளு தெரியாமத்தான சாப்பிட்ட? இன்னக்கும் தெரியாமச் சாப்பிடு மாப்ள."

ஸ்டெப், விடோ

வளர்மதிக்கு யாரும் இல்லை என்பதை மச்சான்தான் சொன்னார். அம்மா செத்ததும் அப்பா இன்னொருத்தியைக் கட்டினார். வந்தவள் இவளை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டாள். அப்பா அதன் பிறகு பார்க்க வரவே இல்லை. கல்யாணத்துக்கு அவள் பக்கம் நின்றது விடுதிச் சமையற்கார அம்மா மட்டும். அவரும் இப்போது இல்லை. நான் அன்றைக்கு 'ஸ்டெப்' என்ற பக்கத்தைப் படித்திருந்தேன். ஸ்டெப் மதர், ஸ்டெப் சைல்டு என்கிறார்களே, அந்த ஸ்டெப்புக்கும் மாடிப்படிக்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் அது பறிகொடுத்ததைக் குறிக்கும். ஸ்டெப் சைல்டு என்றால் முதலில் அநாதைப் பிள்ளை என்றுதான் அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு வந்து வாய்த்தவளுக்குப் பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்னும் வேடிக்கை, ஒரு காலத்தில் 'மதர்-இன்-லா' என்று மாற்றாந்தாயையும் சொல்லியிருக்கிறார்கள். மாமியாரும் மாற்றாந்தாயும் ஒரே சொல்லில். அதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"இன்னொன்னு என்ன போட்ருக்கான்?" என்றார். 'விடோ' பக்கம் இருந்தது. வெள்ளைக்காரன் விடோவும் வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட விதவையும் ஒரே வேர் என்று போட்டிருந்தது. பிரிக்கப்பட்டவள் என்ற மாதிரி அர்த்தம். மாமனுக்கும் மச்சானுக்கும் அத்தைக்கும் ஊருக்கு ஊர் வேறு சொல், இதற்கு மட்டும் கடல் தாண்டியும் சொந்தக்காரர்கள். சொல்லிவிட்டு நான் ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். அவருக்கு மாரடைப்பு வந்து நெஞ்சில் ஏற்கெனவே ஒரு குழாய் வைத்திருந்தது. புருஷன் செத்தால் உடலைத் தூக்குவதற்கு முன்னால் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து அவள் தோளில் போடவேண்டும். பந்தலில் நின்று சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். யாரும் வரவில்லை என்றால் ஊர் முன்னால் அவள் நாதியற்றவள். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம். பேச்சை அவர் சுற்றி வளைக்கவில்லை. "நான் முந்திக்கிட்டா அவளுக்குக் கோடி போட ஆளில்ல. ராணி எடத்துல வந்தவ, வயசுல சின்னவ, ஒனக்குத் தங்கச்சி முறைதான். போடுறேன்னு சொல்லச் சொல்லல. போட மாட்டேன்னு மட்டும் சொல்லிராத மாப்ள."

பெட்டி இறக்கிய வீடு

நான் இரண்டையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததிலேயே ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஒருநாள் மத்தியானம் முதலாளி போன் செய்தார். குளத்தூரில் ஒரு வீடு, பெட்டி வேண்டும், டிரைவர் வேறு ஆள் வருவார் என்றார். ஏன் வேறு ஆள் என்றேன்.  அவர் தெருப்பெயரைச் சொன்னார்.

மச்சான் ஓட்டிய வண்டியிலேயே பெட்டியை ஏற்றிக்கொண்டு போனோம். இத்தனை வருஷம் நுழையாத வாசலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். கை நிறையச் சுமை இருந்ததால் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டேன். இறக்கினேன், மட்டம் பார்த்தேன், தண்ணீர்க் குழாயை வெளியே விட்டேன். இத்தனை கேத வீடுகளில் செய்ததையே செய்தேன். மச்சானைத் தூக்கி உள்ளே வைத்தபோது தலைப் பக்கம் நான்தான் பிடித்தேன். கண்ணாடியை மூடினேன். அடுத்த நாள் மதியம்வரை பெட்டி பக்கத்தில் இருந்தேன். உறவுக்காரர்கள் வந்தார்கள், என்னைக் காட்டி யார் என்று கேட்டார்கள், பெட்டிக்காரர் என்று பதில் வந்தது. வளர்மதி மூலையில் தலைகுனிந்து இருந்தாள்.

மறுநாள் நீர்மாலை எடுத்து உடலைக் குளிப்பாட்டி முடிந்ததும் பந்தலிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார், "பொறந்த வீட்டுக் கோடி இருந்தாக் கொண்டாங்க!" கூட்டம் வளர்மதியைப் பார்த்தது. இரண்டாம் முறை கூப்பிட்டார். மச்சானின் அக்கா அஞ்சலை, "அவளுக்கு எங்கிட்டு இருந்து வரும்? மேல ஆக வேண்டியதப் பாருங்க" என்றாள். காலையில் மட்டும் சற்று நேரம் எழுந்து ஜவுளிக்கடைக்குப் போய் ஒரு சேலை வாங்கி, மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு எழுந்து அவளிடம் போனேன். அஞ்சலை குறுக்கே வந்தாள். "மூத்தவ தம்பி எளையவளுக்குக் கோடி போடுறதா? எந்த ஊரு வழக்கம் இது?"  அகராதியில் எந்தப் பக்கத்திலும் இந்த முறைக்குச் சொல் இல்லை.

அப்போது வளர்மதி முதல்முறையாக நிமிர்ந்தாள். அவள் கண் சேலையில் இல்லை, என் கையில் அப்பியிருந்த பெட்டிக் கிரீஸில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "அண்ணே, நீங்க பெட்டியோட வந்தீங்க. வெளிய போயி, துணியோட வாங்க."

தெரு முனை

போனேன். வேலைக்கு வந்தவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து உறவாக முடியாது என்பது கட்டுமாவடிப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது, இவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. குழாயில் கையைக் கழுவினேன். டீக்கடையில் ஒரு தட்டு இரவல் வாங்கிச் சேலையை வைத்துக்கொண்டு தெரு முனையில் நின்றேன். கோடிக்கு ஒரு கூட்டம் வரும், பெண்கள் மாரடித்துக்கொண்டு வருவார்கள். நான் ஒற்றை ஆள்.  எதிர்கொண்டு அழைக்க யாராவது வரவேண்டும். யாரும் வரவில்லை. பந்தலிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழைக்க ஆள் வராமல் வெயிலில் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கடைசியில் அஞ்சலையே வந்தாள். என்ன நினைத்துக்கொண்டாளோ, முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ இருந்தது. எனக்கு அப்போது அது இரக்கம் மாதிரி தெரிந்தது. சேலையை வளர்மதியின் தோளில் போட்டேன். தேர்ப்பாடை கிளம்பியது. அஞ்சலை வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "எல்லாரும் பாத்துக்கங்கப்பா! அவளுக்குப் பொறந்த வீடு இல்லன்னு யாரும் சொல்லிர வேணாம். இருக்கு. இந்தா நிக்கிறாரு."

பதினாறாம் நாள்

அந்த முகத்தில் இருந்தது என்ன என்று பதினாறாம் நாள் தெரிந்தது. படையல் முடிந்து பாயை விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அஞ்சலை பேச்சை எடுத்தாள். வீடு அப்பா காலத்து வீடு. தம்பியும் போய்விட்டான், பிள்ளையும் இல்லை. யாருமற்றவளை நடுத்தெருவில் விட்டார்கள் என்று ஊர் பேசும் என்றுதான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். இப்போதுதான் பிறந்த வீடு என்று ஒன்று வந்துவிட்டதே. அண்ணன்காரர் கூட்டிக்கொண்டு போகட்டும். சட்டை துணிமணியெல்லாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

 அவளுக்கு யாரும் இல்லாததுதான் அவளை அந்த வீட்டில் வைத்திருந்தது. நான் போட்ட துணி அந்தக் கதவைத் திறந்துவிட்டது. மச்சான் கேட்டதைத்தான் செய்தேன். அதற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. என் இருப்பிடமோ ஒரே அறை, பாதியில் பெட்டிச் சாமான். ஆனாலும் எழுந்து, "வாம்மா போவோம்" என்று சொல்லப்போனேன். பாயில் இருந்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஒருவர் தாம்பூலத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

வளர்மதி உள்ளேயிருந்து வந்தாள். தோளில் அந்தச் சேலைதான். ஒரு நாற்காலியை இழுத்துப் பாய்க்கு எதிரே போட்டு, "உக்காருங்கண்ணே" என்றாள். நின்றிருந்த நான் உட்கார்ந்தேன். பிறகு அஞ்சலை பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை. "பொறந்த வீட்டுக்கு எல்லாரும் விருந்துக்குத்தான் போவாங்க மதினி, குடியிருக்க இல்ல. நானும் தீவாளிக்குப் போயிட்டு வாரேன். இவரு என்னையக் கூட்டிட்டுப் போக வரல. என் பங்க நீங்க பேச ஆரம்பிச்சா எனக்காகப் பேச ஒரு ஆளு வேணும்ல, அதுக்கு வந்திருக்காரு."

பேச்சு இன்னும் முடியவில்லை, பாய் இரண்டு முறை விரித்தாயிற்று, மூன்றாவது முறைக்கும் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அஞ்சலை வீட்டார் என்னைக் கடைவீதியில் பார்த்தால் காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதால், எனக்கும் உங்களைப் போல முறையான ஒரு சம்பந்தி வீடு வாய்த்துவிட்டது என்றே நம்புகிறேன்.